படத்தில் ஒன்றுமில்லை

முதுகு வலிக்கிறது என்று சொன்னால் யாரும் பதறுவதில்லை. காய்ச்சல் என்றால் நெற்றியில் கை வைத்துப் பார்ப்பார்கள். ரத்தம் கண்டால் உடனே வண்டி பூட்டுவார்கள். முதுகின் கடைசியில், இடுப்போடு சேருகிற இடத்தில் வலி என்றால் மட்டும், "எனக்குந்தான் வலிக்குது" என்று சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். அந்த வலியோடு ஒன்றரை வருஷத்துக்கும் மேலாகக் கிடந்தவள் நான். இன்று நடக்கிறேன். என்னோடு பக்கத்துக் கட்டிலில் கிடந்த ஒருத்தி நடக்கவில்லை. அவளையும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

கிணத்துக்கடவுக்குப் பக்கத்தில் எங்கள் தென்னந்தோப்பு. தோப்புக்குள்ளேயே ஓட்டு வீடு. நான் ஊர் ஆரம்பப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு டீச்சர். என் மகள் சாந்தாமணி பிறந்து நாலைந்து மாதம் ஆகியிருக்கும். விடுப்பு முடிந்து பள்ளிக்குத் திரும்பியிருந்தேன். ஒரு பையனின் சிலேட்டைத் திருத்தக் குனிந்தவள் நிமிர முடியாமல் அப்படியே நின்றுவிட்டேன். யாரோ முதுகெலும்புக்குள் ஆணியை வைத்து மெதுவாகத் திருகுவதைப்போல இருந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள். டீச்சர் விளையாடுகிறாள் என்று நினைத்திருப்பார்கள். நானும் சிரித்துக்கொண்டே மேசையைப் பிடித்து நிமிர்ந்தேன்.

வீட்டில் என் கணவரின் அக்கா இருந்தார். இளம் வயதிலேயே கணவரை இழந்து தம்பி வீட்டோடு வந்தவர். எங்கள் பக்கத்து வழக்கப்படி நங்கையா என்று கூப்பிடுவேன்.

"புள்ளை பெத்த ஒடம்பு அம்மணி, அப்படித்தான் இருக்கும். நாலு தடவை எண்ணெய் தேச்சுச் சுடுதண்ணி ஊத்துனா சரியாப் போயிரும்" என்றார். சொன்னதோடு விடவில்லை. அவரே அண்டாவில் தண்ணீர் காய்ச்சி, வேப்பிலையும் நொச்சியும் போட்டு, என் இடுப்பில் கை பொறுக்கும் சூட்டில் ஊற்றினார். ஊற்றும்போது சுகமாக இருக்கும். துவட்டிக்கொண்டு வெளியே வருவதற்குள் வலி திரும்பியிருக்கும்.

பொள்ளாச்சி டாக்டர் வாயு என்றார். மாத்திரை கொடுத்தார், ஊசி போட்டார். ஊர்க்காரர்கள் ஓர் எலும்பு வைத்தியரிடம் அனுப்பினார்கள். அவர் என்னைக் குப்புறப் படுக்கவைத்து, சுளுக்கு என்று சொல்லி முழங்காலால் அழுத்தினார். அதற்குப் பிறகு ஒரு வாரம் குழந்தையைத் தூக்க முடியவில்லை. சாயங்காலமானால் மேல் லேசாகச் சுடும், விடிந்தால் தணிந்துவிடும். ரவிக்கைகள் தளர்ந்துகொண்டே வந்தன. "பால் குடுக்கறவ எளைக்காம என்ன பண்ணுவா" என்றார்கள். எதைச் சொன்னாலும் குழந்தை பெற்றதில் கொண்டுபோய் முடித்தார்கள்.

பிறகு கோயமுத்தூரில் ஒரு லேடி டாக்டரைப் பார்த்தோம். அவர் பொறுமையாகப் பார்த்துவிட்டு, கர்ப்பப்பை பின்பக்கம் சாய்ந்திருக்கிறது, அதுதான் இடுப்பை இழுக்கிறது என்றார். அதற்கும் வைத்தியம் நடந்தது. வலி இருந்த இடத்திலேயே இருந்தது. கடைசியில் அவரே, "எதுக்கும் ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பாத்துருவோம்" என்றார்.

எக்ஸ்ரே அறையில் சில்லிட்ட மேசை மேல் படுத்து மூச்சை அடக்கியது நினைவிருக்கிறது. வராந்தா பெஞ்சில் நானும் என் கணவரும் உட்கார்ந்திருந்தோம். உட்கார்ந்திருப்பதே எனக்குக் கஷ்டம். ஒரு பக்கத்துத் தொடையில் கனத்தை வைத்து, மறு கையைப் பெஞ்சில் ஊன்றி உட்காருவேன். உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டர் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"எலும்பெல்லாம் நல்லா இருக்கும்மா. படத்துல ஒண்ணுமில்லை."

என் கணவர் கையெடுத்துக் கும்பிட்டார். திரும்பும் வழியில் எனக்கு மல்லிகை வாங்கினார், பெரிய ஓட்டலுக்குக் கூட்டிப்போய் ரவா தோசை வாங்கிக்கொடுத்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு தெளிவைப் பல மாதங்களாக நான் பார்த்திருக்கவில்லை. எனக்குத் தோசை இறங்கவில்லை. ஒன்றுமில்லை என்றால் உள்ளே திருகுகிற இது என்ன?

அந்த வார்த்தை எங்கள் வீட்டுக்குள் வந்த பிறகு எல்லாம் மாறிவிட்டது. அதுவரை எனக்கு இருந்தது நோவு. அதற்கப்புறம் அது என் குணமாகிவிட்டது. நான் மத்தியானத்தில் படுத்தால் நங்கையா பாத்திரங்களைச் சத்தமாக வைப்பார். ஒரு நாள் நேராகவே கேட்டார்:

"படத்துலயே ஒண்ணுமில்லைன்னு சொல்லிப்போட்டாங்க. இன்னும் என்னத்துக்கம்மணி சும்மா சும்மா படுத்துக்கறே?"

என் கணவர் எதுவும் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததுதான் வலித்தது. முன்பெல்லாம் நான் எழுந்திருக்கும்போது கை கொடுப்பார். இப்போது நான் எப்படி எழுந்திருக்கிறேன் என்று பார்த்துக்கொண்டிருப்பார். பள்ளியில் தலைமையாசிரியர் என் விடுப்பு விண்ணப்பத்தை வாங்கி, படிக்காமலே மேசையில் போட்டார். வேறொரு டாக்டர் நரம்புத் தளர்ச்சி என்று டானிக் எழுதிக்கொடுத்து, "மனசை வேற எதுலயாவது செலுத்துங்கம்மா" என்றார். எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. வேலைக்குப் பயந்து நானே இதை உண்டாக்கிக்கொள்கிறேனோ? யாரும் இல்லாத நேரத்தில் வேண்டுமென்றே குனிந்து பார்ப்பேன். வலித்தால் அழுகையோடு ஒரு நிம்மதியும் வரும். பொய் இல்லை, நிஜந்தான்.

அந்தப் படம் ஏன் ஒன்றும் காட்டவில்லை என்பது பின்னால்தான் விளங்கியது. எலும்புக்குள் புகுந்த நோய் உடனே படத்தில் தெரியாதாம். உள்ளுக்குள் நிறையக் கரைந்த பிறகுதான் வெளிச்சத்தில் வித்தியாசம் காட்டுமாம். அதற்குள் வலி பல மாதங்கள் முந்திக்கொண்டு வந்துவிடும். முதுகின் அடிப்பக்கத்தில் எலும்பு, நரம்பு, தசை, சிறுநீரகம், கர்ப்பப்பை எல்லாம் ஒன்றையொன்று ஒட்டிக் கிடக்கின்றன. எது கெட்டாலும் வலி வருவது ஒரே இடத்தில். கையை வைத்துக் காட்டுகிறவளுக்கும் தெரியாது, பார்க்கிறவருக்கும் தெரியாது.

வலது தொடையின் மேல், அடிவயிற்றை ஒட்டி, ஒரு வீக்கம் தெரிந்தது. தொட்டால் மெத்தென்று இருந்தது, வலிக்கவில்லை. அதற்குள் அந்தக் காலை முழுக்க நீட்ட முடியாமலும் போயிருந்தது. குடலிறக்கமாக இருக்கும் என்று பயந்து, என் கணவர் கோயமுத்தூரில் வேறோர் ஆஸ்பத்திரிக்கு, ஓர் அறுவை சிகிச்சை டாக்டரிடம் கூட்டிப்போனார். வயதானவர். வீக்கத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அதைப் பற்றி ஒன்றும் பேசாமல், மேசையிலிருந்த பென்சிலைத் தரையில் போட்டார்.

"டீச்சர், அதைக் கொஞ்சம் எடுத்துக் குடுங்க."

நான் முதுகை வளைக்காமல், தொடையில் ஒரு கையை ஊன்றி, முழங்காலை மடக்கிக் குந்தி எடுத்தேன். பல மாதமாக அப்படித்தான் எடுத்துக்கொண்டிருந்தேன். எனக்கே அது தெரியாது. அவர் பென்சிலை வாங்கிக்கொள்ளவே இல்லை. குப்புறப் படுக்கச் சொன்னார். முதுகெலும்பின் ஒவ்வொரு முடிச்சாக முஷ்டியால் மெல்லத் தட்டிக்கொண்டே வந்தார். ஓர் இடத்தில் நான் போட்ட சத்தத்தில் வாசலில் நின்ற என் கணவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இந்தத் தடவை பக்கவாட்டில் படுக்கவைத்துப் படம் எடுத்தார்கள். பழைய படத்தையும் புதியதையும் விளக்குப் பெட்டியில் பக்கத்தில் பக்கத்தில் மாட்டி எங்களுக்குக் காட்டினார்.

"எலும்புக்கும் எலும்புக்கும் நடுவுல ஓர் இடைவெளி இருக்கணும். எல்லா எடத்துலயும் இருக்கு பாருங்க. இங்க இல்லை. ரெண்டும் கரைஞ்சு ஒண்ணு மேல ஒண்ணு உக்காந்துருச்சு. தொடையில எறங்கியிருக்கறது குடல் இல்லை. இங்கிருந்து வழிஞ்ச சீழ்."

"போன தடவை படத்துல ஒண்ணுமில்லைன்னாங்களேங்க?" என்றார் என் கணவர்.

டாக்டர் பழைய படத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். "அன்னிக்கு நான் பாத்திருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்" என்றார்.

எனக்கு வந்திருந்தது முதுகெலும்பில் காசநோய். எலும்புருக்கி என்ற சொல்லைச் சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன். இருமுகிறவர்களுக்கு வருவது என்றுதான் நினைத்திருந்தேன். எலும்பையே உருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. பயம் பின்னால்தான் வந்தது. முதலில் வந்தது சந்தோஷம். இதைச் சொன்னால் யாருக்கும் புரியாது. இருக்கிறது, படத்தில் இருக்கிறது, எல்லோரும் பார்க்கலாம்.

வராந்தாவில் என் கணவர் துண்டால் முகத்தை அழுத்திக்கொண்டு நின்றார். "நானும் உன்னெய நம்பாமப் போயிட்டனே அம்மணி" என்றார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

தொடையிலிருந்த சீழை ஊசி வைத்து இழுத்தார்கள். அப்புறம் என்னைக் குப்புறப் படுக்கவைத்து, கழுத்திலிருந்து தொடைவரை ஈர மாவுக்கட்டைப் போட்டு அச்சு எடுத்தார்கள். அது காய்ந்து ஓடு மாதிரி ஆனதும், அதற்குள் என்னை மல்லாக்கப் படுக்கவைத்துப் பட்டைகளால் கட்டினார்கள். எலும்பு அசையாமல் இருந்தால்தான் கூடுமாம். புரளக் கூடாது, உட்காரக் கூடாது. எத்தனை நாளைக்கு என்று கேட்டேன். "நாள் கணக்கு வச்சுக்காதீங்க" என்றார் நர்ஸ்.

காலையில் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி போட்டதும் காதுக்குள் வண்டு ரீங்கரிக்க ஆரம்பித்துவிடும். அதோடு தினமும் விழுங்க வேண்டிய ஒரு பொடி. அதன் கசப்பு சாப்பாட்டிலும் தண்ணீரிலும் கலந்தே இருக்கும். நங்கையா பஸ் பிடித்து வரும்போதெல்லாம் பெரிய நெல்லிக்காயை உப்பில் ஊறவைத்து எடுத்து வருவார். தன் கையாலேயே என் வாயில் வைப்பார். பாத்திரத்தைச் சத்தமாக வைத்த அதே கை. ஒரு நாள் ஊட்டிக்கொண்டிருந்தவர் திடீரென்று, "எனக்கென்ன தெரியும் அம்மணி, டாக்டருக்கே தெரியலையே" என்றார்.

செலவைப் பற்றி என்னிடம் யாரும் வாய் திறக்கவில்லை. வீடு திரும்பியபோது மாடுகள் நின்ற கட்டுத்தறி காலியாக இருந்ததைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன்.

என் இடப்பக்கத்துக் கட்டிலில் இருந்தவள் ருக்மணி. அன்னூர்ப் பக்கம் பருத்திக்காட்டு நாயுடு குடும்பம். அவளும் மாவுக்கட்டுக்குள் மல்லாந்து கிடந்தாள். இருவருக்கும் தெரிந்தது விட்டம் மட்டுந்தான். குரலால்தான் பழகினோம். அவள் தன் அம்மாவிடம் தெலுங்கில் பேசுவாள். என்னிடம் எங்கள் ஊர்த் தமிழில் பேசுவாள். அவள் அம்மா வாய்க்கு வாய் "பங்காரு" என்பார். தங்கமே என்று அர்த்தம்.

"டீச்சரக்கா, உங்களுக்கு மொதல்ல என்னன்னு சொன்னாங்க?" என்று ஒரு நாள் கேட்டாள்.

"வாயு. அப்புறம் சுளுக்கு. அப்புறம் கர்ப்பப்பை. அப்புறம் மனசு. உனக்கு?"

"எனக்குக் கல்யாணமாகி ரெண்டு வருசமாக் கொழந்தை இல்லீங்களா, அதனால வந்த வெசனம்னாங்க. அப்புறம் கெணத்துல தண்ணி எறைச்ச சுளுக்குன்னாங்க. படத்துல நெழல் விழுந்தப்பறம் டி.பி.ன்னாங்க." கொஞ்சம் நிறுத்திச் சிரித்தாள். "நாம ரெண்டு பேரும் ஒரே பள்ளிக்கொடத்துல படிச்சிருக்கறமுங்க."

என் கணவர் சவரக் கண்ணாடியைக் கொண்டுவந்து கட்டில் கம்பியில் கட்டிவிட்டார். நான் வாசலைப் பார்க்கட்டும் என்று. அதைத் திருப்பியபோது முதன்முதலாக ருக்மணியின் முகத்தைப் பார்த்தேன். குரலை வைத்து என் வயதுக்காரி என்று நினைத்திருந்தேன். இரண்டு பக்கமும் மூக்குத்தி போட்ட சின்னப் பெண். அவளும் கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டு வெட்கப்பட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

நங்கையா ஒரு தடவை சாந்தாமணியைக் கூட்டி வந்தார். நான் படுத்த பிறகுதான் அவள் நடக்கக் கற்றிருந்தாள். கட்டில் மேல் தூக்கிக் காட்டியதும் என்னைப் பார்த்து மிரண்டு நங்கையாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். அப்போது ருக்மணி, "ஏனுங்க பெரியம்மா, கொழந்தையக் கீழ எறக்கி விடுங்க. நடக்கற சத்தம் கேக்கலாமுங்க" என்றாள். இறக்கிவிட்டார். அந்த வார்டின் சிமெண்டுத் தரையில் என் மகளின் கொலுசு இங்கும் அங்கும் போய் வந்தது. விட்டத்தைப் பார்த்துக்கொண்டே இரண்டு பேரும் கேட்டோம்.

எங்கள் இருவருக்கும் ஒரே மாவுக்கட்டு, ஒரே ஊசி, ஒரே பொடி. எனக்குச் சாயங்காலச் சூடு நின்றது. பசி எடுத்தது. அவளுக்கு எடுக்கவில்லை. இன்னொரு வித்தியாசமும் இருந்தது. படுத்தபடியே இருக்கும்போது என் வலி அடங்கியிருக்கும். அவளுக்குப் படுத்தால்தான் வலி அதிகம். அதை அவள் டாக்டரிடமும் சொன்னாள். அவர் நின்று கேட்டார். மறுபடி படம் எடுக்கவைத்தார், ஊசியால் குத்தி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். தெளிவாக ஒன்றும் வரவில்லை. "சில சமயம் ரெண்டு வியாதிக்கும் ஒரே மாதிரி நெழல் விழும்மா. பொறுத்துத்தான் பாக்கணும்" என்றார். அந்தப் பெரியவரின் குரலில் இருந்த தயக்கம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

ஒரு மத்தியானம் ருக்மணி கூப்பிட்டாள். "டீச்சரக்கா, என் கால் போர்வைக்கு வெளிய இருக்குதா உள்ள இருக்குதான்னு கண்ணாடியில பாத்துச் சொல்லுங்க."

பார்த்தேன். கால் வெளியே இருந்தது. மின்விசிறிக் காற்று நேராக அதன் மேல் அடித்துக்கொண்டிருந்தது.

"ஏன் கேக்கறே கண்ணு?"

"தெரியலீங்க. அதனாலதான் கேட்டேன்" என்றாள்.

அவளை மதராசுக்கு அனுப்பினார்கள். முதுகைத் திறந்து பார்த்தபோது சீழ் இல்லை, புற்றுக்கட்டி இருந்தது. அதற்கு ஊசியும் இல்லை, பொடியும் இல்லை. அங்கிருந்து நேராக அன்னூருக்கே கொண்டுபோய்விட்டார்கள் என்று அவள் அப்பா வந்து சொன்னார். அவளுடைய தலையணையையும் டம்ளரையும் எடுத்துக்கொண்டு போனார். காலிக் கட்டிலுக்கு வேறொருத்தி வந்தாள். நான் கண்ணாடியைத் திருப்பவில்லை.

என்னை எழுப்பி உட்காரவைத்த அன்று தலை சுற்றி வாந்தி எடுத்தேன். நிற்கவைத்தபோது கால் என்னுடையதாக இல்லை. தோலும் இரும்புப் பட்டையும் வைத்துத் தைத்த ஒரு கவசத்தை முதுகில் மாட்டி, இரண்டு பக்கமும் ஆள் பிடித்து நடக்கப் பழக்கினார்கள். வீட்டுக்கு வந்து பல நாள் வரை சாந்தாமணி என்னை "டீச்சர்" என்றுதான் கூப்பிட்டாள். ஊரில் எல்லோரும் கூப்பிடுவது அது.

பஸ்ஸில் உட்காரலாம் என்று டாக்டர் அனுமதித்ததும் அன்னூருக்குப் போனேன். என் கணவர் கூட வந்தார். பருத்தி மூட்டைகள் அடுக்கிய கூடத்தில், வாசலைப் பார்த்தபடி போட்ட கட்டிலில் ருக்மணி படுத்திருந்தாள். அதுதான் நான் அவளைக் கடைசியாகப் பார்த்தது. அடுத்த தைக்கு அவள் இல்லை.

வாசல்படி ஏறும்போது அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது. அவள் முன்னால் நன்றாக நடப்பதற்கு எனக்குக் கூசியது. காலைச் சற்று இழுத்து, இடுப்பைப் பிடித்தபடி நடந்தேன்.

"எனக்கோசரம் நொண்டாதீங்கக்கா" என்றாள்.

நான் நின்றுவிட்டேன். அவள் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். என் கணவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"நானும் நீங்களும் ஒண்ணாப் படுத்துக் கெடந்தோம். நீங்க நடந்து நான் பாத்ததே இல்லை. அந்தக் கதவுவரைக்கும் போயிட்டு வாங்க. நேரா நடங்க."

நடந்தேன். கதவைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்தேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள், குழந்தை எறும்பைப் பார்ப்பதுபோல.

"இன்னொருக்கா."

மறுபடி போய்வந்தேன். அதற்குள் கவசத்தின் இரும்பு விலாவில் குத்த ஆரம்பித்திருந்தது. நான் முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை. ஆனாலும் அவள் கண்டுபிடித்துவிட்டாள். வலியை முகத்தில் காட்டாமல் இருப்பது எப்படி என்று அவளைவிடத் தெரிந்தவர்கள் யார்?

"போதுமுங்க" என்றாள். கட்டில் ஓரத்தைக் கையால் தட்டிக் காட்டினாள். "வாங்கக்கா, உக்காருங்க. முதுகு நோவப் போவுது."